பத்தொன்பதாம் நாள்

கோத்தகிரியில் மழை விட்டதும்
மேகம் வார்டுக்குள் வந்துவிட்டது.
ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

அட்டையில் 'யோகமலர் குழந்தை, பெண்'.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
தலையைச் சுற்றி மூன்று முறை நாடா வைத்தேன்,
மூன்று முறையும் முப்பது.
செவிக் கருவி இடக்காதில் பச்சை காட்டவில்லை.
வலக்காதில் காட்டியது,
பிறகு அதிலும் இல்லை.
"தூக்கக் கலக்கம் டாக்டர்" என்றாள்,
கொழுந்துக் கறை ஏறிய விரலால்
அந்தக் காதை மூடிக்கொண்டு.

எச்சில் எடுக்க வேண்டும்.
அதற்குமுன் ஒரு மணி நேரம் பால் கிடையாது.
அந்தக் கிருமி பாலிலும் இருக்கலாம்;
தாயின் சாட்சியும் பிள்ளையின் சாட்சியும்
ஒரே பஞ்சில் ஏறிவிடக் கூடாது.

சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி இல்லை.
கைபேசியைக் கட்டில் மேல் வைத்தேன்,
அவளும் பார்க்கட்டும் என்று.
இருபதாவது நிமிடம் அழுகை தொடங்கியது.
வார்டு முழுக்க அவளை முறைத்தது.
முந்தானை நனைந்துகொண்டே வந்தது.

பேச்சுக்கு, மூத்தவன் எங்கே என்றேன்.
"அங்கன்வாடியில. அவன் வச்ச மிச்சத்ததான்
மாசமா இருக்கறப்பவும் சாப்புட்டேன்.
சோத்த வீணாக்க மனசு வராது."
கேஸ் ஷீட்டில் அதற்கொரு கட்டம் உண்டு.
பேனாவை மூடிவிட்டேன்.

அறுபத்தோராவது நிமிடம்
கன்னத்தின் உட்புறம் குச்சியைச் சுழற்றினேன்.
காம்பென்று நம்பி
பஞ்சை இறுகச் சப்பினாள்.
நல்ல சாம்பிள்.

குஞ்சப்பனையில் மண் சரிந்திருக்கிறதாம்.
குன்னூர் வழியாகச் சுற்றி
கோயம்புத்தூர் இறங்குகிறேன் என்றார் ஜோகி,
ஐஸ் பெட்டியை மடியில் வைக்கும் பையனைத் திட்டியபடி.
மெதுவாகப் போங்கள், எடுத்த தேதிதான் கணக்கு.
இருபத்தொன்று தாண்டி எடுத்தால்
கிருமி தெரியும், அதன் சொந்த ஊர் தெரியாது:
கருவிலேயே குடியிருந்ததா,
வெளியே வந்தபின் ஏறிக்கொண்டதா.
சொந்த ஊர் எது என்றால்
யோகமலரின் அப்பாவும் கொஞ்சம் தயங்குவார்.
பதுளையில் பிறந்து, எட்டு வயதில்
மண்டபம் முகாம் கடந்து இந்த மலை ஏறியவர்.
அவரிடம் இன்னும் இருக்கிறது
மங்கிய முத்திரையுள்ள ஒரு காகிதம்.

இப்போது பிள்ளை குடிக்கிறாள்.
முஷ்டி மெல்ல விரிகிறது.
கீழே வளைவில் ஜோகி ஹாரன் அடித்தார்.
ஒரு கணம் உறிஞ்சுவது நின்றது.

மூச்சு வாங்கவா,
கேட்டா.

யோகமலர் சட்டென்று என்னைப் பார்த்தாள்.
நான் எழுந்து போய்
ஜன்னலைச் சாத்தினேன்.