மூன்று பூச்சு

காந்தத்தை வரைவது அரைமணி வேலை.
ஒரு வட்டம், கொஞ்சம் உயரம், வடக்கு மேலே.
அப்புறம் அதைச் சுற்றி இருக்கிற
ஒன்றுமில்லாததை வரைய வேண்டும்.
ராத்திரி முழுக்க அதற்குத்தான்.

காற்றும் ஒரு பொருள் என்கிறது மென்பொருள்.
பெயர் கொடு, பண்பு கொடு,
நான்முகிகளாக நறுக்கு.
காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே
தாள் நுழையாத இடுக்கில்
இன்னும் பொடியாக, இன்னும்.
தேங்காய்த்திட்டில் வலை விற்பவரிடம் காட்டினால்
இந்தக் கண்ணில் நெத்திலி என்ன,
தண்ணீரே சிக்கும் என்பார்.

எங்கே நிறுத்துவது?
புலம் முடிவிலிவரை போகும்,
எங்கள் கணினி மூச்சு வாங்கும்.
முடிவிலியை ஒன்றரை அடியில் வெட்டி
இங்கே சுழியம் என்று எழுதினேன்.
முள்ளோடையில் பாண்டி முடிகிறதே, அப்படி:
இந்தப் பக்கம் ஒரு விலை,
அந்தப் பக்கம் ஒரு விலை,
கடலூர் பஸ்ஸில் ஏறிப் பையைத் துழாவும் போலீஸ்.
வயலுக்கு அது தெரியாது.
புலத்துக்கும் தெரியாது.

தட்டாஞ்சாவடியில் எங்களுக்கு ஒரே உரிமம்.
இருதயநாதன் மூடினால்தான் நான் திறக்கலாம்.
ஒன்பது மணிக்கு மூடிவிட்டு
டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு சொன்னான்:
"தில்லை, தனியா விட்ட காந்தம் நகருது, பாத்துக்க."

நகரத்தான் செய்தது.
பக்கத்தில் இரும்பில்லை, இன்னொரு காந்தமில்லை.
தன்னைத் தானே இழுக்க எதனாலும் முடியாது.
திரையிலோ பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு நியூட்டன்,
கிழக்கே.
வலை ஒரு பக்கம் பரும்படி, அதன் பிசகு. தெரியும்.
ஆனாலும் கிழக்கே கடல் இருக்கிறது,
நான் போய் நாலு மாதம்.

சிப்காட் ஆலையின் தொட்டி மூடிக்கு ஆறு காந்தம்.
ஒன்று எவ்வளவு தாங்கும்?
திரை சொன்னது இருபத்து மூன்று கிலோ அறுநூறு.
அஞ்சலாட்சியக்காவின் கொக்கித் தராசை இரவல் வாங்கி
மூடியில் ஒட்டவைத்து இழுத்தோம்.
பத்தொன்பதரையில் பிய்ந்து வந்து
திரும்பிப் போய் ஒட்டும்போது
நடுவில் என் விரல் இருந்தது.

நாலு கிலோவைத் திருடியது யார்?
இருதயநாதன் சப்ளையரைத் திட்டினான்.
முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் வலையை மூன்று மடங்கு இறுக்கினேன்,
எண் அசையவில்லை, பிடிவாதமாக அழகாக
அதே இருபத்து மூன்று அறுநூறு.

மறுநாள் பிளேடால் மூடியைச் சுரண்டினேன்.
சாம்பல். அடியில் செங்காவி.
அதற்கும் அடியில் சாம்பல்.
அமிலத்துக்குப் பயந்து யாரோ பூசிய மூன்று பூச்சு,
மொத்தம் பூஜ்யம் புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
நான் இரும்பு என்று எழுதியிருந்த இடத்தில்
இரும்பு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இடுக்கில் அந்தக் கனத்தைச் சேர்த்தேன்.
பத்தொன்பது எழுநூறு.
மிச்சம் இருநூறு கிராம்.
அதை விட்டுவிடலாம் என்றார் முதலாளி.

தராசைத் திருப்பிக் கொடுக்கும்போது
அஞ்சலாட்சியக்கா சுறாவை வெட்டிக்கொண்டே கேட்டார்:
"இதுலயா நிறுத்தீங்க?
இது வாங்குற தராசும்மா,
எரநூறு கம்மியாத்தான் காட்டும்.
விக்கிற தராசு வேற."

அன்றைய கடைசி பஸ். முள்ளோடை.
பையைத் துழாவிய காவலருக்கு
பாட்டில் கிடைக்கவில்லை.
கிடைத்தது அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டது.
"என்னம்மா இது?"
ஓட்டுநர் இன்ஜினை உறுமவிட,
ஊதா நகத்தை ஓரமாக வைத்துக்கொண்டு
நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம்.

வரவில்லை.
பூச்சில்லாத டார்ச்.