பதினான்காம் தட்டு

இந்திராநகர் நூறடி ரோட்டில் இரண்டாம் மாடி.
டாக்டர் பெள்ளியப்பா திரையில் என் பற்களை
முன்கூட்டியே நடத்திக் காட்டினார்:
இருபத்தாறு தட்டுகள், பதினைந்து நாளுக்கு ஒன்று,
கம்பி இல்லை, கண்ணுக்குத் தெரியாது.
திரையில் எல்லாப் பல்லும் சொன்னபடி கேட்டது.
பதினெட்டு மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டேன்,
ஊரார் தவணைக்கு போன் போட்டுத் துரத்துகிற நான்.

உண்மைதான், யாருக்கும் தெரியவில்லை.
அக்கா மகன் நிச்சயதார்த்தத்தில்
வாயைப் பொத்தாமல் நின்றேன் போட்டோவுக்கு.
கம்பியென்றால் முறுக்கு போயிருக்கும்.
இதில் போனது காப்பி:
நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் வாயில் இருக்கவேண்டும்,
மிச்சம் இரண்டில்தான் மூன்று வேளைச் சோறும் பல்தேய்ப்பும்.

கழற்றலாம் என்பது வசதி.
கழற்றலாம் என்பதால்தான்
தோம்லூர் தர்ஷினியில் டிஷ்யூவில் சுற்றிவைத்த பதினான்காம் தட்டு
எச்சில் தட்டோடு தட்டாகத் தொட்டிக்குள் போயிற்று.
மாதம்மா முழங்கைவரை சட்னிக்குள் விட்டு எடுத்தாள்.
"பொம்மைக்குப் பல்லா?" என்றாள் கன்னடத்தில்.
நூறு நீட்டினேன். ஐம்பது போதும் என்றாள்.

புதுத்தட்டு மாட்டிய நாட்களில் 'ச' வழுக்கும்.
தருமபுரியில் ஒருவருக்கு ஐந்து தவணை பாக்கி.
"ஷெங்கோடன் ஷாரா?" என்றேன்.
மறுமுனை கொஞ்சம் யோசித்தது.
"பல்செட்டாம்மா? இந்த வயசுல உங்கள
பொழுது சாஞ்சும் வேலை வாங்குறானுங்களே,
வீட்ல பிள்ளைங்க இல்லியா?"

எனக்கு முப்பத்தெட்டு.
திருத்த வாயெடுத்தேன். அதற்குள்
வெள்ளிக்கிழமை ஒரு தவணை கட்டுவதாகச் சொல்லிவிட்டார்.
கட்டினார். அடுத்த மாதமும் கட்டினார்,
சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு.

இருபத்தாறும் முடிந்தது. முன்வரிசை நேர்.
மேலே இடது கோரைப்பல் மட்டும் திரும்பவில்லை.
"உருண்டைப் பல், பிளாஸ்டிக்குக்குப் பிடி கிடைக்காது.
ஆறு மாதம் கம்பி போட்டால் வரும்."
திரையில் திரும்பியதே, டாக்டர்?
"திரை திரைதானே," என்று சிரித்தார்.
இனி ராத்திரிக்கு ரீடெய்னர்.
எத்தனை காலம் என்றேன்.
பல் இருக்கிறவரை என்றார்.

நேற்று தருமபுரிக்குப் பேசினேன், வாயில் ஒன்றுமில்லை.
"செங்கோடன் சாரா?"
"யாரும்மா புதுசா?
அந்தப் பெரியம்மா நல்லாயிருக்காங்களா?"

கைப்பையில் பழைய தட்டைத் துழாவினேன்.
சீப்பு, மாத்திரை, மெட்ரோ கார்டு.
நாக்கை மேல்வரிசைக்குள் மடித்துக்கொண்டு
"இருக்கேன் ஷார்," என்றேன்,
"இப்பப் பேஷினது பக்கத்து ஷீட்டுப் பொண்ணு."