தடைக்காலம்

ரிச்சி தெருவில் கடை திறந்ததும்
எனக்கு முதல் வேலை அழிப்பது.
நேற்றைய விலையை, கட்டைவிரலால்.
டஸ்டர் தொலைந்து இரண்டு வருடமாகிறது.
மார்க்கர் நீலம் நகத்துக்குள்ளும் ஏறிவிட்டது.

இரண்டு டெராபைட்,
தீபாவளிக்கு முன் ஐயாயிரத்து இருநூறு.
பொங்கலுக்கு ஏழாயிரத்துச் சொச்சம்.
இன்று ஹிதாயத்துல்லா பாய்
போனைக் காதிலிருந்து எடுக்காமல்
ஒன்பது விரல் காட்டினார்,
பிறகு பத்தாவதைப் பாதி மடக்கி.
ஒன்பதரை என்று எழுதினேன்.

"யோசிக்கிற மெஷினுக்கெல்லாம் ஊர் ஊரா வீடு கட்றான்மா,
டிஸ்க் பூரா அங்கதான் போவுது"
என்கிறார் சரக்கு இறக்கும் தேவசகாயம்.
அவர் சொல்வதில் பாதி பொய்.
எந்தப் பாதி என்பதுதான் பிடிபடுவதில்லை.

மதியம் சாம்பார் சாதம் ஒரு கை, கைபேசி ஒரு கை.
தயாரிக்கும் கம்பெனிக்கு இந்தக் காலாண்டில்
நூறு ரூபாய்க்கு விற்றால் நாற்பத்தாறு நிற்கிறதாம்.
போன வருடம் பதினெட்டு.
கூடுதலாக விற்றுவிடவில்லை,
குறைவாகச் செய்தார்கள், அவ்வளவுதான்.
எங்களுக்கு நூற்றுக்கு ஒன்றே முக்கால்.
வந்தவருக்கு டீ சொன்னால் ஒன்றரை.

அண்ணன் காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிறவன்.
அவனுக்கு இது சட்டென்று புரிந்தது.
"தடைக்காலம் மாதிரி" என்றான்.
அறுபத்தொரு நாள் விசைப்படகு போகாது,
வஞ்சிரம் ஆயிரத்தைத் தாண்டும்.
சரி, ஆனால் அங்கே மீன் முட்டையிடும்.
இங்கே எது இடுகிறது?
"அந்த ரெண்டு மாசம் எனக்குக் கூலி கிடையாது"
என்றான், பதிலாக.

எபினேசர் வந்தார். பெரம்பூர், கல்யாண வீடியோ.
பத்து நாளாக விலை கேட்டுவிட்டுப் போகிறார்,
அடுத்த வீட்டுக் குழந்தையின் காய்ச்சலைக் கேட்பது போல.
"இன்னிக்கு எவ்ளோம்மா?"
சொன்னேன்.
"அஞ்சு சேத்து வாங்கினா?"
"ஸ்டாக் இல்லண்ணா."

என் தலைக்கு நேர் மேலே பரணில்
நாற்பது பெட்டி, டேப் பிரிக்காமல்.
பாய் ஏற்றினார். ஏணியைப் பிடித்தது நான்.
மாதக் கடைசிக்குள் இன்னும் ஓர் ஆயிரம் ஏறினால்
அது என் மூன்று மாதச் சம்பளம்.
யாரும் கேட்காமலே போட்டு வைத்திருக்கும் கணக்கு.

எபினேசர் போகவில்லை.
கைக்குட்டையில் சுற்றிய ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார்.
"பழசுக்கும் நல்ல வெலையாமே.
இந்த மாசம் ஸ்டூடியோ வாடகை நிக்குது."
வாங்க வந்தவர் விற்றார்.
இரண்டாயிரத்து எண்ணூறு கொடுத்தேன்.
இரண்டு முறை எண்ணினார்,
மூன்றாம் முறை படியில் நின்று.

விற்கும் முன் துடைப்பது என் வேலை.
துடைக்கும் முன் திறந்து பார்ப்பது என் குணம்.
'கொரட்டூர், பாக்கி 12,000.'
மணப்பெண் சிரிக்கிறாள்,
படத்துக்கு வெளியே நிற்கிற யாரையோ பார்த்து.
ஒட்டியாணம் ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கிறது.
பந்தியில் ஒரு பையன்
இரண்டாவது ஜாங்கிரியைச் சட்டைப்பையில் போடுகிறான்,
கேமராவைப் பார்த்ததும் எடுத்து வைத்துவிடுகிறான்.
பதினோரு நிமிடம் பார்த்திருப்பேன்.
பாய் இருமினார்.

அழிய எட்டு நொடி.
கையில் தூக்கிப் பார்த்தேன், அதே கனம்.
ஸ்டிக்கர் ஒட்டினேன்: பழையது, நாலாயிரத்து நூறு.
போன ஆடித் தள்ளுபடியில் புதுசே இதைவிடக் குறைவு.
கால்குலேட்டர் பக்கத்திலேயே இருந்தது,
தட்டாமல் இருந்திருக்கலாம்.
நூற்றுக்கு முப்பத்தொன்று.

ஏழு மணிக்குப் பாய்
பத்து விரலையும் விரித்தார்.
பலகைக்குப் போனேன்.
கட்டைவிரலில் இடமில்லை.
ஆள்காட்டி விரலால் அழித்தேன்.