ஊறாத வரிசை

அடரிக்கு மேற்கே ஒரு பீடி நேரம் நடந்தால்
நான் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர்.
கரிசல். வற்றிப்போன ஒரு போர்,
அதற்கு இன்னும் காவல் நிற்கும் மோட்டார் கொட்டகை.
ஒன்பது வீரிய ஒட்டு ரகங்கள்.
பெயர் கிடையாது, எண்கள்தான்.
நாற்பத்தொன்று, ஐம்பத்தாறு, எழுபது.
மக்காச்சோளத்துக்குப் பெயர் வைப்பது
அது பிழைத்துக் காட்டிய பிறகு.

விதைப்புக்கு முன்தினம் மூன்றாகப் பிரித்தேன்.
ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கரைசலில்,
லிட்டருக்குப் பத்து கிராம், ஆறு மணி நேரம்.
ஒரு பங்கு வெறும் தண்ணீரில்.
மூன்றாவதற்கு ஒன்றுமில்லை.
ஊறியதை நிழலில் பரப்பி
பழைய எடைக்கே திரும்பும்வரை
தராசில் ஏற்றினேன், இறக்கினேன், ஏற்றினேன்.
விதை பாதி விழித்து
மறுபடி தூங்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.
சின்னப் பைகளில் எண் எழுதிக்
கொட்டகையில் வைத்துவிட்டு
வேப்பூருக்குப் படுக்கப் போனேன்.

புரட்டாசியில் ஒரு மழை, அதோடு சரி.
கடலூர்த் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாகிவிட்டது என்றது வானொலி.
அதே மாவட்டம்தான்.
இங்கே மண்வெடிப்பில் என் பேனா விழுந்து
எடுக்க முடியவில்லை.

மதியம் ஒரு மணிக்கு இலைச்சுருளுக்கு மதிப்பெண்.
ஒன்று என்றால் விரித்த கை.
ஐந்து என்றால் சுருட்டி மூலையில் சாத்திய பாய்.
பெரும்பாலும் நான்கு, ஐந்து, ஐந்து.

காய்ச்சலில் செடிக்கு நேரம் தவறிப்போகும்.
உச்சிக் கொண்டை
உரிய நாளில் மகரந்தத்தை உதிர்த்துவிடும்.
கீழே கதிரின் மயிர் வெளியே வராது.
ஆறு நாள், சிலதில் எட்டு.
தூளெல்லாம் காற்றோடு போய்த் தீர்ந்தபின்
ஈரமாய் நீட்டிக்கொண்டு நிற்கும்,
யாருக்கென்று தெரியாமல்.
அந்த நாட்களை எண்ணுவதுதான் என் ஆராய்ச்சி.

எழுபதாம் எண், ஊறாத வரிசை.
முதல் பாத்தியில் ஏழு நாள்.
இரண்டாம் பாத்தியில் ஏழு.
மூன்றாம் பாத்தியில் இரண்டே நாள்.
இரண்டு முறை எண்ணினேன்.
மண்ணைத் தோண்டிப் பார்த்தேன்.
எங்காவது குழாய் கசிகிறதா என்றுகூடத் தேடினேன்,
குழாயே இல்லாத காட்டில்.

களையெடுக்க வந்த அஞ்சலாட்சிதான்
மண்வெட்டியில் ஊன்றி நின்று சொன்னாள்:
“அது நாந்தான்.
மத்ததுக்கெல்லாம் குடிக்கக் குடுத்துட்டு
இதுங்கள மட்டும் வறட்டு வாயோட
வெதைக்கச் சொல்றியே.
எல்லாத்தையும் நனைக்கலாம்னுதான் வந்தேன்.
வாளி சின்னது. கைக்குக் கெடைச்சது அந்தப் பை.”

எத்தனை மணி நேரம் என்றேன்.
“நாடகம் முடிஞ்சு போட்டேன்.
மொத பஸ்ஸு ஆரன் அடிச்சப்ப எடுத்தேன்.”
காய வைத்தாயா?
“முந்தானையிலதான் முடிஞ்சு வெச்சிருந்தேன்.”
நாடகம் எப்போது முடியும் என்று
நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய சொந்த முக்கால் ஏக்கர்
வரப்புக்கு அந்தப் பக்கம்.
கடையில் வாங்கிய ரோஸ் சாயம் பூசிய விதை.
நனைத்தால் மருந்து போய்விடும் என்று
கடைக்காரர் சொல்லியிருந்தார். நனைக்கவில்லை.
இடுப்பளவில் நின்றுவிட்டது.
அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சிதம்பரத்திலிருந்து வழிகாட்டி போனில் சொன்னார்:
அந்த எண்ணை எடுத்துவிடு,
விடுபட்ட தரவு என்று போடு.
போட்டேன். அட்டவணையில் ஒரு கோடு.
பக்கத்தில் பென்சிலால், பிறகு அழிக்கலாம் என்று,
முதல் பஸ் ஐந்து பத்து.

அறுவடை நாளில் ஒவ்வொரு வரிசையும்
தனிச் சாக்கு, தனிச் சீட்டு.
மூன்றாம் பாத்தி எழுபது மட்டும்
சீட்டில்லாமல் வரப்பில் கிடந்தது,
நுனிவரை மணி பிடித்த கதிர்கள்.
அஞ்சலாட்சி ஒன்றை உரித்துப் பார்த்தாள்.

“இது கணக்குல இல்லதானே?”
இல்லை என்றேன்.
“அப்ப ஆட்டுக்கு ஆவும்” என்று
சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள்.
அள்ளிப் போட்டேன்.