பம்பு எண் பதினேழு

உறுதிமொழிப் பக்கம் தனி ஃபைலாக இருக்கிறது.
'இவ்வாய்வேடு எனது சொந்த முயற்சியே எனவும்
இதற்குமுன் எந்தப் பட்டத்திற்கும்
அளிக்கப்படவில்லை எனவும்...'
பெயரையும் பதிவெண்ணையும் மாற்றினால் போதும்.
பதினோரு வருடமாக அந்த வாக்கியத்தை
நான் அடித்ததே இல்லை.
எழுநூறு பேரின் சத்தியம்
ஒரே சத்தியத்தின் நகல்.
அதை மட்டும் எந்த மென்பொருளும் பிடிப்பதில்லை.

திருவல்லிக்கேணி, பெல்ஸ் ரோட்டுக்குப் பின்சந்து.
மேட்ச் நாளில் கைதட்டல் சுவர் தாண்டி வரும்.
யாருக்கோ விக்கெட் விழும் நேரத்தில்
யாருக்கோ நான்காம் இயல் முடியும்.

நாற்பத்தொரு சதவீதம் காட்டுது,
பத்துக்குள்ள கொண்டாங்கக்கா என்பார்கள்.
கொண்டுவருவேன்.
நீரைப் புனல் ஆக்குவேன், மாசை அழுக்கு.
ஒருமுறை கழிவுநீர்க் கால்வாய்
எச்சப் புனல் ஓடையாகி,
தாமரை பூக்காத குறைதான்.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
ஒரே அட்டவணையை மூன்று பேரிடம் பார்த்திருக்கிறேன்,
மூன்று மாவட்டம், மூன்று வருடம்,
தசமப் புள்ளிக்குப் பின்னும் அதே எண்கள்.
கேட்டதில்லை.
என் பொறுப்பு எழுத்துப்பிழை.

மதியம் வாங்கிப்போன ஐந்து பிரதிகளையும்
தூக்கிக்கொண்டு இரவு எட்டரைக்குத் திரும்பி வந்தாள்
யுவராணி.
விடிந்தால் சமர்ப்பிக்க வேண்டும்.
"நூத்தி அறுபத்திமூணாம் பக்கம் மாத்தணும்."
எழுத்துப்பிழையா?
"இல்ல. பொய்."

தாழங்குப்பத்தில் அடிபம்பு, எண் பதினேழு.
மாதத்தின் முதல் செவ்வாய்
பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி,
ஐஸ் பெட்டியோடு இரண்டு பஸ் மாறி லேபுக்கு.
ஆகஸ்டில் போனபோது வாசலில் பந்தல்.
மேளம் சற்று அடங்கியிருந்தது.
பிணத்தைக் குளிப்பாட்ட
குடம் குடமாய் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
அதில் ஒரு பாட்டில் கேட்க
அவளுக்கு வாய் வரவில்லை.

கைடு சொன்னாராம்:
ஜூலையையும் செப்டம்பரையும் கூட்டி ரெண்டால வகும்மா,
ஒரு கட்டத்துக்காக வரைபடம் உடையணுமா?
வகுத்தாள். ஏழு புள்ளி நான்கு.
கோடு அறுபடாமல் வளைந்து போனது,
அந்த வீட்டில் யாரும் சாகாதது போல.

முனாஃப் பாய் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.
பிரிச்சா ரெக்சின் போச்சு என்றார்.
தங்க எழுத்துக்குத் தனிக்காசு என்றார்.
அவள் பர்ஸைத் திறந்து பார்த்து, மூடினாள்.
பிறகு அவரே பிளேடை எடுத்தார்.

நான் அந்தக் கட்டத்துக்குள் போனேன்.
மூன்று முறை பேக்ஸ்பேஸ்.
ஒரு சிறு கோடு.
அடிக்குறிப்பில் துக்க வீடுன்னு போடட்டுமா?
யோசித்தாள்.
"வேணாம், அது அவங்களோடது.
நீர் எடுக்கவில்லை, அவ்ளோதான்."
சராசரி நகர்ந்தது.
முடிவுரையில் ஓர் 'உறுதியாக'
'ஓரளவு' ஆனது.
கைடு கையெழுத்துப் போடுவாரா?
"தெரியாதுக்கா."
பசை காயாத ஐந்தையும்
குழந்தையை ஏந்துவது மாதிரி ஏந்திக்கொண்டு
வாலாஜா ரோட்டுக்கு நடந்தாள்.
பஸ் இருந்ததா, தெரியவில்லை.

காலையில் ஒருவர் பென்டிரைவை நீட்டினார்.
முப்பத்தெட்டு. பத்துக்குள். சாயங்காலத்துக்குள்.
வாங்கிக்கொண்டேன்.
ஐந்தாம் தேதி வாடகை.

ஆனால் உறுதிமொழிப் பக்கத்தை
நீங்களே அடிங்க சார் என்று
கீபோர்டை அவர் பக்கம் திருப்பினேன்.
ஒற்றை விரலால் தேடித்தேடி அடித்தார்.
வெகுநேரம் கழித்து நிமிர்ந்து,
'சொந்த'வுக்குப் புள்ளி
எங்கே இருக்கிறது என்று கேட்டார்.