பதினேழாம் பதிவேடு

சபையில் மூன்று மணி நேரம் பேசினார் சூப்ராயேன்,
கையில் துண்டுக் காகிதம் இல்லாமல்.
நடுவே கொஞ்சம் லத்தீன்,
முடிவில் கிரியோலில் ஒரு வசவு.
'எண் போட்டு இறக்கப்பட்டவன் மகன் என்று
இனி எவனும் எவனையும் புரட்டிப் பார்க்கக் கூடாது.'
ஒரே ஒரு வாக்கில் ஜெயித்தது.

கொளுத்தும் வேலை எங்களுக்கு.
போர்ட் லூயியில், சர்க்கரைக் கிடங்கு முற்றத்தில்
நாற்பத்தொரு கூலிப் பதிவேடுகள்.
தோல் அட்டை லேசில் பிடிக்கவில்லை;
மண்ணெண்ணெய்க்கு ஆள் அனுப்பினோம்.

அந்தியில் அவரே வந்தார்
மழையில்லாத நாளில் குடையோடு.
பதினேழாவதைக் கேட்டார்.
சுப்பராயனை எவனோ ஒரு துரை
காதில் விழுந்தபடி எழுதிவைத்த பக்கம்.
உயரம் ஐந்தடி இரண்டு.
இடது கணுக்காலில் தீத்தழும்பு.
ஊர்...
விரல் அங்கே நின்றது.
'அப்பனுக்கு மட்டும் விலக்கா?'
என்னிடம் கேட்கவில்லை.
தன் கையாலேயே போட்டார்.

அப்புறம் மந்திரி, லண்டனில் தூதர்,
மோக்காவில் குளிரடிக்கும் பெரிய வீடு,
ஆறாயிரம் புத்தகம், சர்க்கரை வியாதி.
சுயசரிதை எழுத உட்கார்ந்தவர்
எனக்கு ஆள்விட்டார்.

'அந்த ஊர்ப் பேர்... நீயும் பார்த்தாயே?'
வாவில் தொடங்கும். வேயாகவும் இருக்கலாம்.
வாய்வரை வந்து வழுக்கியது.
'தழும்பு நினைவிருக்கிறது ஐயா. இடது கால்.'

'வலது' என்றார்.

அவர் அந்தக் காலைப் பிடித்துவிட்டவர்.
நான் அந்தப் பக்கத்தைப் படித்தவன்.
சரிபார்க்க எதுவுமில்லை.
சமையல்காரன் டீ கொண்டுவந்து வைத்தான்,
அவருக்குச் சர்க்கரை போடாமல்.