காது இரண்டும் தெரியவேணும்

ஸ்டூடியோவில் என் வேலை நாலு வசனம்.
நிமிருங்கோ.
நாடியைக் கொஞ்சம் பதியுங்கோ.
காது இரண்டும் தெரியவேணும்.
சிரிக்கக் கூடாது.
அடையாள அட்டைக்கு முகம் கொண்டு வருகிறவர்கள்
பதினைந்து வருடமாய் எனக்குக் கீழ்ப்படிகிறார்கள்.
மூதூரிலிருந்து, தம்பலகாமத்திலிருந்து,
நீலத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் அமர்ந்து
மூச்சைக்கூட என்னிடம் கேட்டு விடுகிறார்கள்.

வெந்தய வரியன் கேட்பதில்லை.

கோட்டை வாசல் தாண்டி
கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில்
இடதுகைப் பக்கம் ஓர் எருக்கலை.
மற்றதையெல்லாம் மான்கள் மேய்ந்துவிட்டன,
இதன் பால் கசக்கும் என்று விட்டுவைத்திருக்கின்றன.
காலை ஆறே முக்கால்.
கடலுக்குள்ளிருந்து வரும் வெயில்
இன்னும் ஆளுயரத்துக்கு ஏறவில்லை.
நிமிர்ந்த இலையொன்றில்
இரவு ஈரம் காயாத செட்டையை விரித்துக்கொண்டு
பூச்சி சூடேறக் காத்திருக்கிறது.
எனக்கு இருப்பதும் அவ்வளவு நேரம்தான்.

முழங்கால். பிறகு முழங்கை. பிறகு வயிறு.
மான் புழுக்கை மேல் படுத்திருக்கிறேன்,
திருமதி பவளராணி யோகச்சந்திரன், வயது நாற்பத்திரண்டு.
கோயிலுக்குப் போகிற சனம்
விழுந்துவிட்டேனோ என்று பார்த்து,
விழவில்லை என்று கண்டதும்
வேறுவிதமாய்ப் பார்த்துக்கொண்டு போகிறது.

லென்ஸின் முகம் செட்டைக்கு நேராய் இருக்கவேணும்,
தாளைச் சுவரில் ஒட்டுவது போல.
ஒரு நூல் சரிந்தாலும்
ஒரு செட்டை கூர், மற்றது புகை.
இந்தத் தூரத்தில் தெளிவு என்பது
அரிசி மணியின் தடிப்பு.
அதற்குள் கண்ணை வை.
கண் கெட்டால் படம் கெட்டது,
இது மட்டும் மனிதருக்கும் பொது.
நடுவில் வைக்காதே.
அது பார்க்கிற பக்கம் கொஞ்சம் வெளி விடு,
பறக்கலாம் என்று பார்ப்பவருக்குத் தோன்ற.
ஸ்டூடியோவில் அப்படி வெளி விட்டால்
கந்தோரில் திருப்பி அனுப்புவார்கள்.

மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, அமுக்கினேன்.

செம்மஞ்சள். கறுத்த முனையில் வெள்ளைப் புள்ளிகள்,
கழுத்திலும்
யாரோ ஊசியால் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல்.
உறிஞ்சுகுழல் கடிகார வில்லாய்ச் சுருண்டு.
பின்னால், முழுச் சட்டத்துக்கும்,
ஒரு பச்சை.
நனைந்த, ஆழ்ந்த, ஒரே சீரான பச்சை,
எந்தத் திரைச்சீலைக் கடையிலும்
எனக்குக் கிடைக்காதது.

"மே மொகத?"
பச்சை பேசியது.

சப்பாத்து முதலில், பிறகு துவக்கு,
பிறகு இருபத்தொரு வயது இருக்கும் ஒரு முகம்.
கமராவைக் கேட்டான். கொடுத்தேன்.
முகாம் மதில் இருக்கிறதா, காவல் கோபுரம் இருக்கிறதா என்று
ஒவ்வொன்றாய்த் தட்டினான்.
செட்டை. செட்டை. என் விரல். செட்டை.
கடைசிப் படத்தில் நின்றான்.
பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான்.
பூச்சிக்குப் பின்னால் விரலை வைத்து
உடைந்த தமிழில், "இது, என்ன?"
அவனுடைய சட்டைக் கையைக் காட்டினேன்.

குனிந்து தன் கையைப் பார்த்தான்.
படத்தைப் பார்த்தான்.
அழி என்பான் என்று
சொல்லவேண்டிய சிங்களத்தை
நான் உள்ளுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.
"சொரி" என்றான்.
கமராவைத் தந்துவிட்டு
நாலடி தள்ளிப் போய் நின்றான்,
எனக்கு இடைஞ்சல் இல்லாமல்.

திரும்பவும் வயிறு. திரும்பவும் அரிசி மணி.
அவன் நின்ற இடத்தில் இப்போது வெளுத்த வானம்,
தண்ணீர்த் தாங்கி, கோயில் பஸ்ஸின் பின்பக்கம்,
பூச்சியின் தலையிலிருந்து முளைத்தது போல ஒரு லைட் கம்பம்.
செம்மஞ்சள் செத்துப்போனது.

பதினைந்து வருட வாய், என்னைக் கேட்கவில்லை.
"தம்பி, முந்தி நின்ற இடத்திலேயே நில்லுங்கோ.
கொஞ்சம் இடது.
அசையாதேங்கோ."

வந்து நின்றான்.
துவக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.
தொப்பியைச் சரிசெய்தான்.
நாடியைப் பதித்து, சிரிக்காமல்,
காது இரண்டும் தெரிய நின்றான்.

நான் கண்ணைத் திரும்ப வைத்தபோது
பச்சை சரியாய் விழுந்திருந்தது, மூலைக்கு மூலை.
எருக்கலை இலை மட்டும்
பாரம் இறங்கிய மாதிரி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.
வெயில் ஏறிவிட்டது.
அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.